மெதுவா மாஸ்டரின் வாய்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்ல விதமாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் தாராளமாக எழுதலாம். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட இல்லாத உப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் போதும், இந்த நல்ல வார்த்தைகளெல்லாம் ஜன்னலைத் தேடி ஓடிவிடும். அவர் பேச்சைச் சொல்லவில்லை. பேச்சு தங்கம். பல்லும் ஈறும் நாக்குமாக இருக்கிறதே, அந்த வாயைச் சொல்கிறேன்.

அத்தானுக்கு டிரைவிங் ஸ்கூல். ஒரே வண்டி, ஒரே மாஸ்டர், ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன அறை. அந்த அறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். ஆள் சேர்ப்பது, யாருக்கு எந்த நேரம் என்று பிரித்துக் கொடுப்பது, லைசென்ஸ் விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் என் வேலை. குடியிருப்பதும் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான். ஆக, பகலிலும் அந்த வாய், சாயங்காலத்திலும் அந்த வாய்.

அவர் சின்ன வயதில் லாரியில் கிளீனராகப் போனவர். ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவர் ஸ்பானரை வைத்துக்கொண்டு முட்டியில் தட்டித் தட்டித்தான் கற்றுக்கொடுத்தானாம். அந்த முட்டி வலியை மறக்காமல் வைத்திருந்து, தான் மாஸ்டர் ஆனதும் ஒரு விரதம் மாதிரி எடுத்துக்கொண்டார்: யாரையும் பார்த்துக் கத்துவதில்லை. "கத்தினா கால் நடுங்கும். கால் நடுங்கினா கிளட்ச் நடுங்கும். அப்புறம் வண்டி எங்கேர்ந்து நகரும்?" என்பார். அதனால் பக்கத்து சீட்டிலிருந்து அப்படியே சாய்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், ரகசியம் சொல்வது போல "மெதுவா... மெதுவா விடுங்க... அவ்வளவுதான்" என்பார். ஊரில் அவருக்குப் பெயரே மெதுவா மாஸ்டர்.

இப்போது ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். வெயில். கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏ.சி. போட்ட வண்டி. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மூக்கைப் பொத்த வழியில்லை. முன்னால் லாரி, பின்னால் பஸ். கன்னத்துக்குப் பக்கத்தில் அந்த வாய் வந்து, 'மெதுவா' என்று சொல்கிறது. முழு மூச்சோடு சொல்கிறது.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? லீவுக்கு ஊருக்குப் போகும்போது கழுவ மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைத் திரும்பி வந்து திறந்திருக்கிறீர்களா? அதுதான். அந்த டப்பா உங்களோடு அன்பாகப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி.

அவர் பல் குத்தும் அழகு தனி. கடைவாய்ப் பல்லுக்கு நடுவே கறி நார் மாட்டிக்கொள்வது அவருக்கு அன்றாட வழக்கம். அதைத் தோண்டுவதற்குக் கையில் என்ன கிடைக்கிறதோ அது. ஊக்கு, தீக்குச்சி, என் மேஜை மேல் இருக்கும் விசிட்டிங் கார்டின் முனை. ஒருநாள் வண்டிச் சாவியையே விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். அதே சாவியைத்தான் அடுத்து வந்த பெண்ணின் கையில் கொடுத்தார், அவளும் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்த நாரை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். பார்த்துவிட்டுத் துப்புவாரா என்றால் அதுதான் இல்லை. நாக்கு நுனியில் வைத்து உள்ளேயே போட்டுக்கொள்வார்.  அதைப் பார்த்துவிட்டு நான் மத்தியானம் கொண்டுபோன சாப்பாட்டைத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்.

பல் தேய்க்காத மனுஷன் என்றால் 'பல் தேயுங்க' என்று சொல்லிவிடலாம். இவர் இரண்டு வேளையும் தேய்ப்பார். அதுவும் சாதாரணத் தேய்ப்பா? தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும். பிரஷ் வாங்கிய வாரத்திலேயே அதன் முடியெல்லாம் பக்கத்துக்கொன்றாகப் படுத்துவிடும். தேய்த்து முடித்துக் கண்ணாடியில் ஈ என்று இளித்துப் பார்ப்பார். முன்பல்லெல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொள்வார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நடப்பது கண்ணாடியில் தெரியுமா என்ன?

வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. அந்த வீட்டின் வழக்கம் அப்படி. உடம்பைப் பற்றி எதுவும் பேசிவிடக் கூடாது. அக்காவிடம் கேட்டால், "சொன்னா மனசு நோகும்டி. பாவம், நல்ல மனுஷன்" என்பாள். மனசு நோகாமல் இருக்க அவள் என்னென்ன செய்திருக்கிறாள்! பரிமாறும்போது பக்கவாட்டில்தான் நிற்பாள். படுக்கும்போது சுவரைப் பார்த்துப் படுப்பாள். கேட்டால் ஃபேன் காற்று முகத்தில் அடித்தால் தலைவலியாம். அவர்கள் பெண் பாப்பா இருக்கிறாளே, கூப்பிடத்தான் பாப்பா, வளர்ந்த பெண், அவள் எல்லாவற்றையும் நிலைப்படியில் நின்றபடிதான் பேசுவாள். "அப்பா, போய்ட்டு வரேன்." "அப்பா, கையெழுத்து போடுங்க, அங்க வெச்சிருக்கேன்." உள்ளே கால் வைக்க மாட்டாள். அத்தானோ அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். "என் பொண்ணுக்கு என்கிட்ட ஒரு பயபக்தி" என்று வருகிறவர்களிடம் பெருமை வேறு.

விஷயம் வெளியே வரப் பார்த்தது ஒரு டீச்சரம்மாவால். பாடம் முடிந்து இறங்கியவர் நேராக என் மேஜைக்கு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க மேடம். வண்டிக்குள்ள ஏதோ செத்துக் கெடக்கு போல இருக்கு."

எனக்குத் தெரியாதா என்ன செத்துக் கிடக்கிறதென்று! நான் மென்று விழுங்குவதற்குள் பின்னாலேயே வந்த அத்தான் காதில் விழுந்துவிட்டது.

"அப்படியா? எலியாத்தான் இருக்கும். ரெண்டு நாள்ல எடுத்துடறேங்க" என்றார். குரலில் அத்தனை அக்கறை. டீச்சரம்மா இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு தலையாட்டினார்.

மெக்கானிக் வந்தான். ஒரு நாள் முழுக்க எலி வேட்டை. சீட்டெல்லாம் கழற்றி நடைபாதையில் பரப்பினார்கள். தரை விரிப்பைச் சுருட்டி எடுத்தார்கள். ஒரு சீப்பு, குழந்தைச் சாக்ஸ் ஒற்றை, பூஞ்சை பிடித்த பிஸ்கட், யாரோ ஒட்டி வைத்திருந்த சூயிங்கம், இவ்வளவும் கிடைத்தன. எலி மட்டும் இல்லை. மெக்கானிக் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்தான். அத்தான் குனிந்து, அவன் முகத்துக்கு நேராக, "கெடைச்சுதாப்பா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சார் பலமா அடிக்குது! இங்கதான் எங்கயோ இருக்கு!" என்று அலறினான் அவன்.

"அப்படின்னா பக்கத்துல வந்துட்டோம்" என்று அத்தான் உற்சாகமாக இன்னும் குனிந்தார். மெக்கானிக் தலையை வெளியே இழுத்துக்கொள்ளும் அவசரத்தில் மண்டையில் இடித்துக்கொண்டான். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிப் போனேன். சிரித்து முடித்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் வாயைப் பார்த்து அல்ல, எங்கள் எல்லோரையும் பார்த்து.

எலி கிடைக்காததால் வாசனைப் புட்டி வாங்கி மாட்டினார். ரோஜா வாசனை. இப்போது அந்த டப்பாவுக்குள் யாரோ ரோஜாப்பூவைப் போட்டு மூடி வைத்த மாதிரி ஆயிற்று. முன்னே இருந்ததே பரவாயில்லை.

ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். "ஊருக்குப் போறேன்" என்றார்கள், "உடம்பு சரியில்லை" என்றார்கள், அப்புறம் வரவே இல்லை. அடுத்த பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒருவன் புதிதாக ஸ்கூல் திறந்திருந்தான். அவன் மகா கோபக்காரன். வாய் ஓயாமல் கத்துவான், கற்றுக்கொள்பவர்களை 'கண்ணு எங்க இருக்கு' என்று திட்டுவான். அப்படியிருந்தும் எல்லோரும் அவனிடம் போனார்கள். "கத்தறவன்கிட்ட போய் என்னத்தைக் கத்துக்கப் போறாங்க?" என்று அத்தானுக்கு ஒரே ஆச்சரியம்.

இந்த நேரத்தில்தான் பாப்பாவுக்கு வேலை கிடைத்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. வண்டி அவர்களே கொடுப்பார்கள். லைசென்ஸ் மட்டும் வேண்டும். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர், பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறார்! காலையில் வெயில் ஏறுவதற்கு முந்தைய நல்ல நேரத்தை யாருக்கும் கொடுக்காதே என்று என்னிடம் சொல்லி வைத்தார். அவள் குள்ளம், பானெட் மறைக்கும் என்று தானே கடைக்குப் போய் ஒரு மெத்தைத் திண்டு வாங்கி வந்து டிரைவர் சீட்டில் போட்டார். அந்தத் திண்டைத் தட்டித் தட்டிச் சரி செய்ததை நான் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா வரவில்லை. ஒருநாள் தலைவலி. ஒருநாள் தோழி வீட்டில் விசேஷம். ஒருநாள் தூங்கிவிட்டாள். நான் மாடியில் பிடித்து வைத்துக் கேட்டேன்.

"என்னால முடியாது சித்தி," என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "ஒரு மணி நேரம் மூடின வண்டிக்குள்ள அப்பா பக்கத்துல... வாந்தி எடுத்துட்டேன்னா அவருக்கு எப்படி இருக்கும்? பாசம் இருக்கு சித்தி. மூக்குக்கு அது தெரியலையே, நான் என்ன செய்ய?"

"அப்ப அவர்கிட்ட சொல்லு."

"நீங்க சொல்லுங்க. நீங்கதான் மச்சினி. நீங்க கேலி பண்ற மாதிரி சொல்லிடலாம்."

கீழே வந்தால் அக்காவும் அதையே சொல்கிறாள். "உனக்குத்தான் வாய் நீளம். நீயே சொல்லேன்." நன்றாக இருக்கிறது! கட்டிக்கொண்டவள் சொல்ல மாட்டாளாம், பெற்ற பெண் சொல்ல மாட்டாளாம், மச்சினி போய்ச் சொல்ல வேண்டுமாம். நான் முடியாது என்று எரிந்து விழுந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அந்த மாதத்தில் ஒருநாள் லைசென்ஸ் டெஸ்ட். ஒரு பையன் ஓட்டினான், அத்தான் பக்கத்தில், நான் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில், என் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு. போகும் வழியில் ஒரு சிக்னலில் நின்றோம். பக்கத்தில் இன்னொரு 'எல்' போர்டு வண்டி வந்து நின்றது. அந்தப் புதிய ஸ்கூல்காரனின் வண்டி. ஸ்டியரிங்கில் பாப்பா.

அவளும் எங்களைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. பச்சை விழுந்தது. அவள் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட, வண்டி குதித்து அணைந்துபோனது. "கண்ணு எங்கம்மா இருக்கு? மிதி! கிளட்சை மிதிங்கறேன்ல!" என்று அந்த ஆள் கத்தியது ரோடு முழுக்கக் கேட்டது. கத்திக்கொண்டே அவள் முகத்துக்கு நேரே திரும்பினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதை அத்தான் பார்த்தார்.

எங்கள் பையன் வண்டியை நகர்த்தப் போக, அத்தானின் கால், மாஸ்டருக்கென்று அவர் பக்கத்தில் தனியாக இருக்கும் பிரேக்கைப் போட்டு அமுக்கியது. எங்கள் வண்டியும் குலுங்கி நின்றுபோனது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

டெஸ்ட் முடிந்து அறைக்குத் திரும்பினோம். என் மேஜைக்கு எதிரே, புதிதாகச் சேர வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சின்னவளே, வண்டியை வித்துடலாம்னு இருக்கேன்."

"ஏன் அத்தான்?"

"பெத்த பொண்ணே என்னை நம்பல. ஊர்ல எவன் நம்புவான்? திட்டு வாங்கினாலும் பரவால்ல, அப்பாகிட்ட வேணாம்னு போயிருக்கா பாரு. எனக்கு என்னமோ சொல்லிக்குடுக்கத் தெரியாமப் போச்சு. அவளைக் கேக்கவும் மனசு வரல." மேஜை மேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "வண்டியில வேற அந்த எலி. அதையும் கண்டுபிடிக்கத் துப்பில்ல."

அவர் முன்னால் சாய்ந்துதான் பேசினார், வழக்கம்போல. எனக்குக் குமட்டியது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"எலி வண்டில இல்ல அத்தான். உங்க வாயில இருக்கு."

அவர் சிரித்தார். மச்சினி கேலி என்று நினைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"நான் ரெண்டு வேளை தேய்க்கிறேனே."

"தேய்க்கிறீங்க. ஆனா நாறுது. பக்கத்துல நிக்க முடியல. வர்றவங்க எல்லாம் அதனாலதான் ஓடறாங்க. உங்ககிட்ட கத்துக்கறதுக்குக் கசக்குதா அவங்களுக்கு?"

"எவ்வளவு நாளா?"

"நான் இங்க வந்த நாள்லேர்ந்து தெரியும்."

"உங்க அக்காவுக்கு?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்து அவர் கேட்கப் போவது எனக்குத் தெரியும். அதைக் கேட்காமல் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

"பாப்பா சின்னப் புள்ளையா இருக்கறப்போ, தூக்கினா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்குவா. அதுவும் இதனாலதானா?"

நான் குனிந்து மேஜையைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்காமலே நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தள்ளித் தள்ளிச் சுவரில் போய் முட்டும் வரைக்கும் தள்ளினார். அங்கிருந்து, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு, "ஒருத்தராவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

மறுநாள் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இடத்தைப் பற்றி எழுதவே எனக்குக் கூசுகிறது. சாய்வு நாற்காலி, அதற்குப் பக்கத்தில் துப்புகிற கிண்ணம், முன்னால் வந்துபோனவரின் எச்சில் இளஞ்சிவப்பாக அதில் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. டாக்டர் சின்னப் பெண். மாஸ்க் போட்டிருந்தும், அத்தான் வாயைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் அவர் கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஒரு சின்ன டப்பியிலிருந்து மெல்லிய நூலை இழுத்து வெட்டி, இரண்டு நடுவிரலிலும் சுற்றிக்கொண்டாள். கடைவாய்ப் பல் இரண்டுக்கும் நடுவே மெல்ல முன்னும் பின்னும் அறுப்பது போல இறக்கினாள். ஒரு பல்லை அணைத்த மாதிரி வளைத்து, ஈறுக்கு அடி வரைக்கும் கொண்டுபோய் மேலே இழுத்தாள். வந்தது. சாம்பலும் மஞ்சளுமாக, கூழ் மாதிரி, நடுவில் ஒரு நார். ரத்தம் வேறு. அந்த அறை முழுக்க என் அத்தானின் வாய் ஆகிவிட்டது. நான் கதவுப் பக்கம் போய் நின்றேன்.

"இதை முகர்ந்து பாருங்க" என்று நூலை அவரிடமே நீட்டினாள் டாக்டர்.

அவர் முகர்ந்தார். இதற்கு முன் ஒருநாளும் அவர் தன்னைத் தானே முகர்ந்ததில்லை. முகம் கோணியது, எழுந்து அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். வெறும் தண்ணீர்தான் வந்தது. நிமிர்ந்து, "இதையா எல்லாரும்..." என்றார். முடிக்கவில்லை.

"பிரஷ் பல்லோட வெளிப்பக்கம், உள்பக்கம், மேல்பக்கம், இவ்வளவும்தான் தேய்க்கும்," என்றாள் டாக்டர். "பல்லும் பல்லும் ஒட்டியிருக்குற இடத்துக்குள்ள அது போகாது. அங்க மாட்டினது அங்கயே கெட்டுப்போகும். கிருமி சேந்து ஈறு வீங்கும், பல்லும் சொத்தையாகும். இங்க ஒண்ணு ஆகியிருக்கு பாருங்க, இதை அடைக்கணும். கல்லு மாதிரி படிஞ்சதை நான் எடுத்துடறேன். அதுக்கப்புறம் தினம் ஒரு தடவை நூல் போடணும், ஒவ்வொரு இடுக்குக்கும் நூல்ல புது இடமா பாத்து. முதல்ல கொஞ்சம் ரத்தம் வரும், பயந்து விட்டுடாதீங்க, போட்டுட்டே இருந்தா நின்னுடும். நிக்கலைன்னா வந்து காட்டுங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "வீட்ல மத்தவங்கல்லாம் போடறீங்களா?"

"எங்களுக்கெல்லாம் அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றேன் மிடுக்காக.

 மாஸ்க்குக்கு மேலே டாக்டரின் கண் மட்டும் சிரித்த மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அத்தான் எல்லோரையும் வாஷ்பேசினுக்குக் கூப்பிட்டார். கோபமில்லை, குத்திக்காட்டலில்லை. ஆளுக்கொரு முழ நூல் வெட்டிக் கொடுத்தார். "எனக்கெதுக்கு? என் வாய் சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "சும்மா போட்டுப் பாரு" என்றார், மூன்றடி தள்ளி நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு.

போட்டோம். ஐயோ. அக்காவுக்கு ஈறிலிருந்து ரத்தம் கொட்டியது; நூலில் மத்தியானம் சாப்பிட்ட கீரையும் அதற்கு முன்னால் சாப்பிட்ட என்னவோவும் வந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிரும் என்று எல்லோரும் சொல்லும் பாப்பா, தன் நூலை மூக்கருகே கொண்டுபோனாள். உடனே கையை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். என் நூலைப் பற்றிக் கேட்காதீர்கள். டாக்டர் ஏன் சிரித்தாள் என்று மட்டும் புரிந்தது. ஒரு வாய்க்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும் அந்த வாஷ்பேசினைச் சுற்றி ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

எங்கள் வீட்டு லட்சணம் அதோடு முடிந்துவிடுமா? அக்காவுக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது. இரண்டு நாள் கழித்து மொட்டை மாடிக்குப் போனவள் பார்த்தேன்: துணிக்கொடியில், என் துண்டுக்குப் பக்கத்தில், கிளிப் மாட்டி நாலு நூல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. "நல்லா அலசித்தான்டி போட்டேன். இவ்வளவு நல்ல நூலு" என்கிறாள்.

"இதுல எது யாரோடது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எப்படித் தெரியும்?"

அதற்கு முந்தின நாள் நான் போட்டுக்கொண்டது யாருடைய நூல் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அத்தான் படியேறி வந்து பார்த்தார். வாழ்நாளிலேயே முதல் தடவையாகக் கத்தினார். "ஒரு தடவை போட்டா குப்பையில போடு! குப்பையில!" பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து பார்த்தது.

ஆனால் அவர் விடவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வாஷ்பேசின் முன்னால் எங்களை நிறுத்திவைப்பார். நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு, கையை உள்ளே விட்டு, எச்சில் முழங்கை வரைக்கும் வழிய நிற்கும் கண்கொள்ளாக் காட்சியை யாரும் பார்க்கக் கூடாதென்று நான் கதவைத் தாழ் போட்டுவிடுவேன். அக்காவின் ரத்தம் நின்றது. அத்தானின் சொத்தையை அடைத்தாயிற்று. ஒருநாள் அவர் என் மேஜைக்குக் குறுக்கே குனிந்து பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டுப் போன பிறகுதான் நான் மூச்சை அடக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

வாய் சரியாகிவிட்டது. மனுஷன்தான் சரியாகவில்லை. வண்டியில் இப்போது கதவோடு கதவாக ஒட்டி உட்காருகிறார். கற்றுக்கொள்பவர் பக்கம் திரும்புவதில்லை. முன்கண்ணாடியைப் பார்த்து, சத்தமாக, "கிளட்ச்! பிரேக்!" என்கிறார். "நாத்தம் போயிடுச்சு அத்தான், சத்தியமா" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "சரிம்மா, சரிம்மா" என்று கையால் வாயை மூடிக்கொண்டு சொல்கிறார். இத்தனை வருஷம் சொல்லாத வீடு இப்போது சொல்வதை அவர் எப்படி நம்புவார்? எங்களை நினைத்தால் எனக்கு அன்று என் நூலை முகர்ந்தபோது வந்த அதே குமட்டல் வருகிறது.

பாப்பா அந்தக் கோபக்காரனிடமே கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வேலைக்குப் போக ஆரம்பித்து சில வாரம் ஆகியிருக்கும். ஒரு லீவு நாள் காலையில் நிலைப்படியைத் தாண்டி நேராக உள்ளே வந்து, அத்தானின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, வாங்க. நம்ம வண்டியை எடுக்கலாம். ரிவர்ஸ் எனக்குச் சரியாவே வரல. நீங்கதான் சொல்லித்தரணும். சித்தி, நீங்களும் வாங்க."

அவர் போய் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கதவோடு ஒட்டிக்கொண்டு. நான் பின்னால். இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் குறுகலான சந்தில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கப்பா. இப்படிக் கிட்ட வந்து சொல்லுங்க."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கை வாய்க்குப் போனது.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே பாப்பா" என்றார்.

 ரிவர்ஸ் வரவில்லை என்றவள் கியரை மாற்றி, அந்தச் சந்து முழுக்க வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஒரு பக்கமும் உரசவில்லை, ஒரு இடத்திலும் அணையவில்லை. அந்தக் கோபக்காரன் அவளுக்கு நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தான்.